நெய்யாற்றின்கரைத் தமிழரும் அரசாங்க உத்தியோகமும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது யாம் சிறிது தயங்கினோம். யாம் புலவரல்லோம், வரலாற்றுப் பேராசிரியரும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராய்க் காலங்கழித்து வருகின்றோம். ஆயினும் இக்காலனியில் குடிபுகுந்த நாள் தொட்டு அன்பர்கள் எம்மிடம் கேட்டுவரும் வினா ஒன்று உண்டு. “உங்கள் ஊர் காட்டாக்கடை என்கிறீர்கள், அது கேரளத்தில் உள்ளது. வீட்டிலோ தமிழ் பேசுகிறீர்கள். நீங்கள் தமிழரா, மலையாளியா?” என்பதே அவ்வினா.

தமிழரே என்று ஒரு சொல்லில் விடையிறுத்து விடலாம். ஆனால் அத்தமிழர் எல்லைக்கு அப்பால் எவ்வாறு நின்றனர், நின்றபின் அரசாங்க அலுவலகத்தின் வாயில் அவர்களுக்கு எவ்வாறு திறந்தது, எவ்வாறு சாத்தியது என்பது நெடுங்கதை. சுதந்தரம் பெற்ற ஒரு நாடு தன் அலுவலர்களை எம்முறையில் தெரிந்தெடுத்தது என்ற பெருங்கதையின் ஒரு சிறு கிளை அது. அதனை அறிந்த அளவிற்கு இங்கே எடுத்துரைக்க முயல்கின்றோம்.

ஊரும் எல்லையும்

இரயிலில் கன்னியாகுமரி செல்லும் அன்பர்கள் பாறசாலை நிலையத்தைக் கண்டிருப்பர். அந்நிலையம் கேரளத்தைச் சேர்ந்தது. அதற்குத் தெற்கே சிறிது தொலைவில் உள்ள குழித்துறை நிலையம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. இரண்டும் தென்னக இரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் அடங்கியவை. 1979-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இத்தடத்தில் வண்டிக்கு எல்லை தெரிவதில்லை. வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் தெரிவதில்லை. பாறசாலைக்கு வடமேற்கே நெய்யாற்றின் கரைப்புறத்தில் அமைந்தது காட்டாக்கடை. இன்று அது தனி வட்டம். 2014-ஆம் ஆண்டு வரை நெய்யாற்றின்கரை வட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. இச்சிற்றூர்களில் இரு மொழியும் ஒரே முற்றத்தில் புழங்கும். தாய் தமிழில் அழைப்பாள். பிள்ளை மலையாளத்தில் மறுமொழி கூறும்.

மன்னர் காலத்து உத்தியோகம்

திருவிதாங்கூர் மன்னராட்சியில் உத்தியோகம் என்பது பெரும்பாலும் திவானின் அருளைப் பொறுத்தது. கும்பகோணத்தில் பிறந்த மாதவராவ் 1858 முதல் 1872 வரை திவானாக இருந்து நிர்வாகத்தைப் புதுமுறையில் அமைத்தார். திருவனந்தபுரத்தில் இன்றும் தலைமைச் செயலகமாக விளங்கும் மாளிகை அவர் காலத்தில், 1869-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அவரைத் தொடர்ந்தும் கிழக்கிலிருந்து வந்த அந்தணர் பலர் திவான் பதவியிலும் உயர் பதவிகளிலும் அமர்ந்தனர்.

இதனைப் பொறாத உள்நாட்டு மக்கள் 10,028 பேர் கையொப்பமிட்டு, 1891-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் விண்ணப்பம் ஒன்று அளித்தனர். ‘மலையாளி மெமோரியல்’ என வரலாற்றில் பெயர் பெற்றது அது. அதில் மூன்றாவதாகக் கையொப்பமிட்ட டாக்டர் பல்பு, மருத்துவம் பயின்றும் தம் சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டு மைசூர் சமஸ்தானத்தில் பணிபுரிய நேர்ந்தவர். 1896-ஆம் ஆண்டு ஈழவ மக்கள் 13,176 பேர் அவர் தலைமையில் தனி விண்ணப்பம் அளித்தனர்.

இங்கு ஒன்றை நாம் ஒளியாது ஒப்புக்கொள்ளல் வேண்டும். திவான்கள் தமிழகத்திலிருந்து வந்தவர்களே ஆயினும், விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும் பனையேறியும் உழுதும் வாழ்ந்த தமிழ்க் குடிகளுக்கு அதனால் யாதொரு பயனும் விளையவில்லை. மேசைக்குப் பின்னால் இருப்பவர் நம் மொழி பேசுவோரா என்பது ஒரு கேள்வி. அம்மேசையை அடையும் வழி எல்லார்க்கும் திறந்துள்ளதா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு விடை காணாமல் முதலாவதற்கு மட்டும் விடை கண்டு பயனில்லை. இடையறாத கிளர்ச்சிகளுக்குப் பின்னரே, 1936-ஆம் ஆண்டில், திருவிதாங்கூரில் நியமனங்களைக் கவனிக்கப் பொதுப்பணி ஆணையர் ஒருவர் அமர்த்தப்பட்டார். டாக்டர் நோக்ஸ் என்பார் முதல் ஆணையர். சென்னை மாகாணம் இத்துறையில் முந்திக்கொண்டது. மாகாணங்களில் முதன்முதலாக 1929-இலேயே அங்குத் தேர்வாணையம் ஏற்பட்டுவிட்டது.

விடுதலையும் புதிய முறையும்

1947-இல் நாடு விடுதலை பெற்றபோது, வெள்ளையர் விட்டுச்சென்ற ஐ.சி.எஸ். என்னும் இந்திய சிவில் பணியை என் செய்வது என்ற கேள்வி எழுந்தது. அடிமைத்தளையின் அடையாளம் எனப் பலர் அதனை வெறுத்தனர். சர்தார் வல்லபாய் படேல் அவ்வாறு கருதவில்லை. விடுதலைக்குச் சில திங்கள் முன்னரே, 1947 ஏப்ரல் 21-ஆம் நாள், புதிய ஐ.ஏ.எஸ். பணியின் முதற்குழுவினரை தில்லி மெட்காப் மாளிகையில் அவர் வாழ்த்தி அறிவுரை வழங்கினார். 1949 அக்டோபர் 10-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அப்பணியினர்க்கு அரசமைப்பிலேயே பாதுகாப்பு வேண்டும் என வாதாடி வென்றார். 1950 ஜனவரி 26-ஆம் நாள் மத்தியத் தேர்வாணையம் அரசமைப்பின் வழி நிலைபெற்றது. மாநிலங்களுக்கும் தனித்தனித் தேர்வாணையங்கள் அரசமைப்பில் இடம்பெற்றன.

அரசமைப்பின் 16-ஆம் உறுப்பு அரசாங்க வேலையில் குடிமக்கள் அனைவர்க்கும் சம வாய்ப்பு என்று விதித்தது. இன்ன மாநிலத்தில் குடியிருப்போர்க்கே வேலை என்று கட்டளையிடும் அதிகாரத்தையும் மாநிலங்களிடம் விடாமல் நாடாளுமன்றத்திற்கே வைத்தது. அதனையொட்டி 1957-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், சில பகுதிகள் நீங்கலாக, நாடெங்கும் இருந்த குடியிருப்பு விதிகளை அகற்றியது. இக்காலனியில் வாழும் நம்மனோர்க்கு இச்செய்தி மிகவும் இன்றியமையாதது.

தெற்கெல்லைத் தமிழரின் கோரிக்கை

1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. தெற்கேயுள்ள தமிழ் வட்டங்கள் அதற்கு முன்பிருந்தே தமிழ்நாட்டோடு இணைய வேண்டுமென்று குரலெழுப்பி வந்தன. 1945-இல் நாகர்கோயிலில் அரும்பிய இயக்கம், பின்னர்த் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என வளர்ந்தது. பள்ளியாடியில் பிறந்து வழக்கறிஞராய்ப் புகழ்பெற்ற ஏ. நேசமணி அவர்கள் அதன் தலைவராய் விளங்கினார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது வட்டங்களை அவ்வியக்கத்தார் கேட்டனர். 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. அந்த வடு இன்றும் ஆறவில்லை.

பசல் அலி தலைமையில் குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோர் அடங்கிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30-ஆம் நாள் தன் அறிக்கையை அளித்தது. ஐந்து வட்டங்கள் தமிழகத்திற்கு என்றது அது. நெய்யாற்றின்கரை அவ்வைந்தில் இடம்பெறவில்லை. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அதே நாளில் கேரளமும் பிறந்தது. மார்த்தாண்டத்தில் வெடி முழங்கிக் கொண்டாடினர். எம் ஊரார் அவ்வோசையைக் கேட்டு, முற்றத்தில் வாளா நின்றிருந்தனராம். எம் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

ஆட்களைப் பங்கிட்ட முறை

நிலத்தைப் பங்கிடக் கோடு கிழித்தால் போதும். அந்நிலத்தில் அரசாங்க வேலை பார்த்துவந்த எழுத்தரையும், காவலரையும், ஆசிரியரையும், சேவகரையும் எங்ஙனம் பங்கிடுவது? மாநில மறுசீரமைப்புச் சட்டத்தை இயற்றியோர் இதனை மறந்தாரல்லர்.

அச்சட்டத்தின் 115-ஆம் பிரிவு முதலாகச் சில பிரிவுகள் இதற்கென்றே அமைந்தன. எல்லை மாறிய இடத்தில் ஒரு பதவியை வகித்தவர், அந்த நாள் முதல் அப்பதவியிலேயே புதிய அரசாங்கத்தால் முறைப்படி நியமிக்கப்பட்டவராகக் கருதப்படுவார். அவருடைய பணி நிபந்தனைகளை அவருக்குக் கேடாக மாற்றுவதாயின் மத்திய அரசாங்கத்தின் முன் இசைவு வேண்டும். குறையுடையோர் முறையிட்டால் அதனை ஆராய்ந்து நியாயம் வழங்க ஆலோசனைக் குழுக்கள் அமைக்கலாம்.

ஒரு மாநிலத்தில் மேல்நிலை எழுத்தர் எனப்படுபவர் மற்றொன்றில் யாருக்கு நிகராவார் என்பதும் சிக்கலாயிற்று. 1956 மே 18, 19 ஆகிய நாட்களில் கூடிய தலைமைச் செயலாளர்கள் மாநாடு நான்கு அளவுகோல்களை வகுத்தது. பதவியின் தன்மையும் கடமைகளும், அதன் பொறுப்பும் அதிகாரமும், அதற்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவுத் தகுதி, அதன் சம்பளம் என்பவை அவை. இந்நான்கையும் உச்சநீதி மன்றம் 1968-ஆம் ஆண்டில் பி.கே. ராய் வழக்கில் ஏற்றுக்கொண்டது. இரயில்வேயில் பணிபுரியும் எமக்கு இவற்றின் அருமை தெரியும். 1951-இல் சென்னை–தென் மராட்டா, தென்னிந்திய, மைசூர் இரயில்வேக்கள் மூன்றும் ஒன்றாகித் தென்னக இரயில்வே தோன்றியபோதும் எவர் மூத்தவர், எவர் இளையவர் என்பதே முதற்கேள்வியாக இருந்திருக்கும் என்பதை எந்த எழுத்தரும் உய்த்துணர்வார்.

எம் பாட்டனாரின் தமையனார் குழித்துறையில் ஓர் அரசாங்கக் கச்சேரியில் எழுத்தர். அவர் வீடோ எல்லைக்கு வடக்கே. 1956 அக்டோபர் 31-ஆம் நாள் மாலை கச்சேரியைப் பூட்டியபோது அவர் திருவிதாங்கூர்–கொச்சி ஊழியர். மறுநாள் காலை சென்னை மாநில ஊழியர். மேசை மாறவில்லை, மைக்கூடு மாறவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் மலையாளத்தில் கோப்பு எழுதிப் பழகிய கை அது. அவ்வாண்டின் இறுதியிலேயே சென்னை மாநிலத்தில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. தாய்மொழி தமிழேயாயினும் கச்சேரித் தமிழை அவர் நாற்பது வயதுக்கு மேல் புதிதாய்க் கற்றார். இரவு விளக்கொளியில் சொற்களைப் பட்டியலிட்டு மனனம் செய்வாராம். வேலை போகவில்லை; ஓய்வூதியமும் குறையவில்லை. சட்டம் தன் சொல்லைக் காத்தது.

அவர் தம்பியாகிய எம் பாட்டனார் கேரளத்தில் உழவராய் நின்றுவிட்டார். ஒரு தாய் மக்கள் இருவர்க்கு இரு அரசாங்கம் வாய்த்தது.

எஞ்சி நின்றோர்க்கு அளித்த உறுதி

எந்தக் கோட்டைக் கிழித்தாலும் இருபுறமும் பிறமொழியாளர் சிலர் எஞ்சுவர். நெய்யாற்றின்கரையில் தமிழர் எஞ்சினர். விளவங்கோட்டில் மலையாளிகள் எஞ்சினர். இவர்களுக்காக 1956-இல் அரசமைப்பு ஏழாம் முறை திருத்தப்பட்டது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்பது 350அ உறுப்பு. மொழிச் சிறுபான்மையோரின் காப்புகளை ஆராயத் தனி அலுவலர் வேண்டும் என்பது 350ஆ உறுப்பு. முன்னரே இருந்த 350-ஆம் உறுப்பு, குறைகளைத் தீர்த்துக்கொள்ள எவரும் மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் விண்ணப்பம் அளிக்கலாம் என்கிறது. 1957 ஜூலை 30-ஆம் நாள் மொழிச் சிறுபான்மையோர் ஆணையர் பதவி ஏற்பட்டது. அலகாபாத் உயர்நீதி மன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக் அதனை முதலில் ஏற்றார்.

உத்தியோகத்தைப் பற்றி 1956 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட குறிப்பாவணம் அழகியதொரு நெறியைக் கூறியது. சிறுபான்மை மொழியாளர் மாநிலத்தில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேராயினும் இருந்தால் அம்மொழியிலும், இல்லையேல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தேர்வு எழுதலாம். மாநில மொழியில் தேர்ச்சி உண்டா என்னும் சோதனையைத் தேர்ந்தெடுத்த பின்னர், தகுதிகாண் பருவம் முடிவதற்குள் நடத்திக்கொள்ளலாம். அதாவது, முதலில் உள்ளே வருக. பிறகு மொழியைக் கற்க என்பது கருத்து. கேரளம் முழுவதையும் கணக்கிட்டால் தமிழர் அவ்விகிதத்தை எட்டார். எனவே அவ்வாவணத்தின் முழுப்பயன் எம்மவர்க்குக் கிட்டவில்லை. ஆயினும் அந்நெறி வீண்போகவில்லை. கேரளத் தேர்வாணையம் மொழிச் சிறுபான்மையினராகிய ஊழியர்க்கு மலையாளத் தேர்வு தனியே நடத்துகிறது. கீழ்நிலை எழுத்தர் தேர்வின் வினாத்தாளைத் தமிழிலும் கன்னடத்திலும் வழங்கியுள்ளது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் அதன் திருத்தமும், தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்திற்கும் துறைத் தலைவர்களுக்கும் தத்தம் மொழியில் எழுதலாம். அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதிகளின் அலுவலகங்களுக்கும் எழுதலாம். மறுமொழியும் அம்மொழியிலேயே வரவேண்டும் என்கின்றன.

கடலுக்கு அப்பால்

இதன் அருமையை உணர வேண்டுமாயின் அதே 1956-ஆம் ஆண்டில் இலங்கையில் நிகழ்ந்ததை நோக்குக. அவ்வாண்டு அங்குச் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. 1961-இல் திறைசேரி விடுத்த சுற்றறிக்கையின்படி, சிங்களத் தேர்வில் தேறாத எழுத்தர்க்குச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. கோடீஸ்வரன் என்னும் தமிழ் எழுத்தர் அத்தேர்வை எழுத மறுத்தார், 1962-இல் உயர்வை இழந்தார், நீதிமன்றம் ஏறினார். 1964-இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967-இல் அந்நாட்டு உயர்நீதி மன்றம், அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குத் தொடரவே இயலாது என்றது. 1969-இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அதனை மறுத்து, வழக்குத் தொடரலாம் என்று திருப்பி அனுப்பியது. ஆட்சிமொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக்கேள்வி விடையின்றியே நின்றது. ஓர் எழுத்தரின் ஆண்டுச் சம்பள உயர்வில் தொடங்கிய வழக்கு அது. உத்தியோக மொழியில் விளைந்த மனக்கசப்பு அந்நாட்டை எங்குக் கொண்டு சென்றது என்பதை நாம் அனைவரும் அறிவோம். நம் நாடு குறைகள் பலவுடையதேனும், அவ்வழியில் செல்லவில்லை.

எம் குற்றம்

இனி எம்மைப் பற்றி ஒரு செய்தி கூறி முடிப்போம். எமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். நிலவரி தொடர்பாக ஒரு விண்ணப்பத்தைத் தம் கைப்படத் தமிழில் எழுதிக்கொண்டு, எம் பாட்டியார் எம்மையும் அழைத்து ஓர் அலுவலகத்திற்குச் சென்றார். மேசைக்குப் பின் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். சினம் சிறிதுமின்றி, “அம்மச்சி, இதை மலையாளத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள்” என்றார். தொடக்க வகுப்புகளில் தமிழும் பின்னர் மலையாளமும் பயின்றிருந்த யாமே வாயிற்படியில் அமர்ந்து மலையாளத்தில் எழுதிக் கொடுத்தோம். பாட்டியார் அதன் அடியில் தமிழில் கையொப்பமிட்டார். காரியம் முடிந்தது. யாம் ஏதோ பெருஞ்செயல் புரிந்ததாக மகிழ்ந்து வீடு திரும்பினோம்.

அந்த அலுவலரை யாம் நோகவில்லை. விதியை அவரும் அறிந்திலர், யாமும் அறிந்திலோம். ஆனால் பின்னர் வயது வந்து, சட்டங்களைப் படித்தறிந்த பின்னும், ஒரு விண்ணப்பத்தையேனும் யாம் தமிழில் எழுதியதில்லை. எளிய வழி இருக்க அரிய வழி எதற்கு என்று இருந்துவிட்டோம். தமிழில் வரும் விண்ணப்பம் ஒன்றும் இல்லையெனில், தமிழ் அறிந்த எழுத்தர் தேவை என்று எந்த அலுவலகம் கேட்கும்? கேட்பாரில்லாத இடத்திற்கு நியமனம் எங்ஙனம் வரும்? உரிமையைப் பறித்தவர் யார் என்று தேடிச் சென்றால், அவ்வழி எம் வீட்டு வாயிலிலேயே வந்து முடிகின்றது.

இதன் விளைவை அடுத்த தலைமுறையில் கண்டோம். எம் உறவினர் மகன் ஒருவன் நன்கு படித்தவன். தமிழ்நாட்டுத் தேர்வாணையத்தின் தேர்வை எழுத விரும்பினான். குடியிருப்பு அவனுக்குத் தடையில்லை. ஆனால் 2021-ஆம் ஆண்டு முதல் அங்குத் தமிழ்த்தாளில் தேறினால்தான் மற்றத் தாள்களைத் திருத்துவர். வீட்டில் நாள் முழுதும் தமிழ் பேசுபவனுக்கு ஒரு பக்கம் தமிழ் எழுத வரவில்லை. எல்லைக்கு அப்பால் உள்ள பெரிய பாட்டனார் நாற்பது வயதுக்கு மேல் விளக்கொளியில் கற்றதை, இவன் ஐந்து வயதில் கற்றிருக்கலாம். கற்பிக்கத் தவறியவர்கள் நாம்.

அன்பர்களே! இக்காலனியில் வாழும் நம் குழந்தைகளும் எம் ஊர்க் குழந்தைகளின் நிலையிலேயே உள்ளனர். வாழும் இடத்தின் மொழியை அவர்கள் பழுதறக் கற்கட்டும். அது சோறு தரும் மொழி, அதனிடம் நமக்குப் பகையில்லை. அதனோடு தமிழையும் எழுதப் படிக்கக் கற்பிப்போம். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருக வேண்டும். மொழிச் சிறுபான்மையோர்க்குரிய விதிகளை எளிய தமிழில் தொகுத்து வீடுதோறும் வழங்கச் சங்கம் முன்வருமாயின், அதனைப் படியெடுக்கும் எழுத்துப் பணியை யாம் ஏற்கச் சித்தமாயிருக்கிறோம்.

சென்ற திங்கள் ஊருக்குச் சென்றபோது, வீட்டு வரி தொடர்பான ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி, உரிய துறைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளோம். எம் வாழ்நாளில் முதல் தமிழ் விண்ணப்பம் அது. மறுமொழி வந்ததும் அடுத்த ஆண்டு மலரில் தெரிவிப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!